இடப்பக்கம்

டயர்கடைக்கு மேல்மாடி என் ஸ்டூடியோ.
கீழே ஆ ஹொக் காற்றடிக்கும் இயந்திரத்தை முடுக்கினால்
மேலே ஒலிவாங்கி அதையும் ஒரு சுருதியாய் எடுத்துக்கொள்ளும்.
அதனால் பதிவு என்றால் ஞாயிறு மாலைதான்,
பாடாங் செராய் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு.
அப்போதும் மழை வந்துவிட்டால்
தகரம் சொல்வதுதான் சட்டம்.

நாலு ஹெட்ஃபோன், நாலு கலவை.
பாடுகிறவர் காதில் விழுவது வேறு,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கேட்பது வேறு
என்றால் புதிதாய் வருகிறவர்கள் நம்புவதில்லை.
லோகேந்திரனுக்கு அவன் உருமி மட்டும் போதும்,
அதுவும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
கீபோர்டுக்காரருக்கு கிளிக் வேண்டும்,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் விடாமல்.
அவரவருக்கு அவரவர் கேட்டது.
எஸ்டேட் கோயிலிலும் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால்
ஒரே அம்மனுக்கு இரண்டு கமிட்டி வந்திருக்காது.

தவமலர் அக்கா எதுவும் கேட்கவில்லை.
"இருக்கிறது போதும் தம்பி."
ஹெட்ஃபோனை மாட்டி இடப்பக்கக் குவளையைக்
காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.
பாடகர்கள் செய்வதுதான்,
தன் குரலைத் திறந்த காதில் கேட்க.

முதல் டேக்கில் பல்லவி நேராக நின்றது.
அதன் அடியில் டிக், டிக், டிக்.
தள்ளிவைத்த குவளையிலிருந்து கிளிக் கசிந்து
ஒலிவாங்கிக்குள் ஏறியிருந்தது.
"ரெண்டு காதுலயும் வைங்கக்கா."
வைத்தார்.
இரண்டாம் டேக்கில் சரணத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.
"குழல் வரும்னீங்களே, எப்போ?"

குழல் வந்துகொண்டுதான் இருந்தது.
வலப்பக்கம் கஞ்சிரா இருக்கட்டும் என்று
குழலை இடப்பக்கம் உட்கார்த்தியிருந்தேன்,
சும்மா, அழகுக்கு.

ஏற்றினேன். "இப்போ?"
"இல்லையே."
இன்னும் ஏற்றினேன்.
வேலை முடிந்து சோபாவில் படுத்திருந்த லோகேந்திரன்
எழுந்து உட்கார்ந்து சொன்னான்:
கண்ணாடி வழியாவே கேக்குதுண்ணே.
அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்,
பஸ் தாமதமானால் சிரிப்பதுபோல.

முதலில் வயரைச் சந்தேகித்து மாற்றினேன்.
பிளக்கைத் துடைத்தேன்.
ஹெட்ஃபோனை வலம் இடமாய்த் திருப்பி மாட்டச் சொல்ல
பொத்தானை அழுத்தியவன்
விரலை எடுத்துவிட்டேன்.
பதினேழு வருடம் செம்பனை ஆலை,
கொட்டை உடைக்கும் இயந்திரம் எப்போதும் இடக்கைப் பக்கம்.
வந்ததும் அவரே சொன்னதுதான்,
வேறு எதற்கோ.
லீவு கிடைக்காததைப் பற்றிய பேச்சு அது.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்க ஒரு விசை உண்டு.
அவர் கலவைக்கு மட்டும் அதைப் போட்டேன்.
இடக் குவளைக்குப் போகும் ஒலியை அணைத்தேன்.
இனி அதை எங்கே தள்ளினாலும்
கசிய ஒன்றுமில்லை.
"ஒரு பக்கம் எடுத்துட்டே பாடுங்கக்கா, வழக்கம்போல."
"கிளிக் ஏறுதுன்னீங்க?"
"வயர் கோளாறு. சரி பண்ணிட்டேன்."

மூன்றாவதில் குழல் வந்த இடத்தில்
முகவாய் லேசாய் உயர்ந்தது,
பக்கத்து வீட்டில் தாளித்த வாசனை வந்ததுபோல.
அதன்பின் பாடியதைப் பற்றி எனக்குச் சொல்ல வராது.
கீழே ஒரு நாய் குரைத்ததும் பதிவில் இருக்கிறது.
வெட்டவில்லை.

இரவு பதினொன்றுக்கு இறுதிக் கலவை.
குழல் இடம், கஞ்சிரா வலம், கமிட்டிக்கு.
கமிட்டி என்றால் இரண்டுக்கும்.
அக்காவுக்கு அனுப்பியது வேறு.
எல்லா வாத்தியமும் நடுவில்,
ஆலை பஸ்ஸில் காலை ஷிப்டு நிற்பதுபோல்
நெருக்கியடித்துக்கொண்டு.
பதினெட்டு வருடத் தொழிலில்
இவ்வளவு குறுகலாக நான் எதையும் கலந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு குரல்செய்தி,
பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது:
"கமிட்டி குடுத்த பாட்டுல குழலே இல்ல தம்பி.
நீங்க அனுப்புனதுல இருக்கு. அது ஏன்?"

வயர்தான் அக்கா, என்றேன்.